சாமுண்டியின் வலது கண்

14 அக்டோபர் 2024, திங்கள்

திண்டிவனம் ரோட்டில் டிரான்ஸ்பார்மர் பழுது. வேலை முடிந்து வீடு வர மணி நாலு. சாமுண்டி தையல் மிஷினிலிருந்து தலையைத் தூக்காமலே, "சோறு எடுத்துப் போட்டுக்கோங்க" என்றாள். தீபாவளிக்கு நாற்பத்திரண்டு ஜாக்கெட் ஒப்புக்கொண்டிருக்கிறாள், செஞ்சியில் வேறு தையல்காரியே இல்லாத மாதிரி. வலது பக்கத் தலை மட்டும் எரிகிறதாம். சீப்பு பட்டாலே சுள்ளென்கிறதாம். கொஞ்சம் தூங்கு என்றேன். "அதான் ரெண்டு பேருக்கும் சேத்து நீங்க தூங்குறீங்களே" என்றாள். இவளிடம் ஒரு நாளாவது கடைசி வார்த்தை என்னுடையதாக இருக்குமா என்று பார்க்கிறேன். இருபத்தாறு வருடமாகப் பார்க்கிறேன்.

15 அக்டோபர், செவ்வாய்

நெற்றியில் வலது பாதி முழுக்கக் கொப்புளம். நடுவில் கோடு போட்டுப் பிரித்த மாதிரி இடது பக்கம் ஒன்றுகூட இல்லை. கிளினிக்கில் டாக்டர் பார்த்தவுடன் அக்கி என்றார். ஒரு நாளைக்கு ஐந்து வேளை மாத்திரை, ஏழு நாள், இன்றைக்கே ஆரம்பிக்கணும் என்றார். வாங்கிவிட்டேன்.

ஆனால் எங்கள் பக்கம் அக்கி என்றால் எழுதத்தான் போவோம். எனக்கு இடுப்பில் வந்தபோது குயவர் வீட்டில் எழுதித்தான் காய்ந்தது. அதனால் சாயங்காலம் குயவர் வீட்டுப் பூவாயி அக்காவிடம் அழைத்துப்போனேன். அக்கா காவியைத் தண்ணீரில் குழைத்து, கோழி இறகால் கொப்புளத்தைச் சுற்றிப் பூசி, ஓரத்தில் ஒரு சிங்கமும் வரைந்தது. சாமுண்டி கண்ணாடியில் பார்த்துவிட்டு, "இன்னாக்கா, பூனைய வரைஞ்சி வச்சிருக்க" என்றாள். அக்காவுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. இன்னும் இரண்டு நாள் வரணும், தலைக்குத் தண்ணீர் ஊற்றக்கூடாது என்று சொல்லி அனுப்பியது.

மாத்திரை என் சட்டைப் பையில் இருக்கிறது. ஒரு கம்பியில் இரண்டு சப்ளை விடக்கூடாது. இது என் தொழில் பாடம். எழுதி முடியட்டும், அப்புறம் மாத்திரை என்றேன். "உங்களுக்குத் தெரியாததா" என்றாள். கேலியா, நிஜமா? நிஜமாகத்தான் சொன்னாள்.

16 அக்டோபர், புதன்

இரண்டாம் தடவை எழுதியாயிற்று. அவள் இன்று மிஷினில் உட்காரவே இல்லை. அப்படியென்றால் வலி பெரிய வலிதான்.

17 அக்டோபர், வியாழன்

பூவாயி அக்கா இறகைக் கையில் எடுத்தது, சாமுண்டியின் முகத்தை வெளிச்சத்துக்குத் திருப்பிப் பார்த்தது, இறகைக் கீழே வைத்துவிட்டது. மூக்கு நுனியில் புதிதாக ஒரு கொப்புளம். வலது கண் சிவந்து வீங்கியிருந்தது.

"மூக்குல வந்துட்டா கண்ணுக்கும் போயிடும் தம்பி. நான் எழுத மாட்டேன். கண்ணு ஆசுபத்திரிக்கு இட்டுனு போ."

"மூணு நாள்னு சொன்னியேக்கா?"

"ஒடம்புக்குச் சொன்னேன். கண்ணுக்குச் சொல்லல. டாக்டரு மாத்திரை எதுவும் குடுக்கலயா?"

சட்டைப் பையில் மாத்திரை அட்டை நெஞ்சைக் குத்திக்கொண்டிருந்தது.

வீட்டுக்கு வந்ததும் முதல் மாத்திரை கொடுத்தேன். இரண்டு நாள் தாமதம். நான் செய்ததுதான், வேறு யாரும் இல்லை.

18 அக்டோபர், வெள்ளி

புதுச்சேரி கண் ஆஸ்பத்திரி. டாக்டர் சின்னப் பெண், எங்கள் மகன் இனியன் வயதுதான் இருக்கும். காவியைத் துடைக்கவே அரை மணி நேரம். இடது கண்ணை மூடிக்கொண்டு சுவரில் இருந்த எழுத்து அட்டையைப் படிக்கச் சொன்னார்கள். மேலே இருந்த ஒற்றைப் பெரிய எழுத்து மட்டும்தான் தெரிந்தது அவளுக்கு.

"சின்ன வயசுல அம்மை போட்டுச்சாம்மா?" என்று டாக்டர் கேட்டார். ஏழு வயதில் என்றாள். அந்தக் கிருமி அப்போதே போகவில்லையாம். நரம்புக்குள் படுத்துத் தூங்கி, உடம்பு அசந்த நேரம் பார்த்து எழுந்து, அந்த நரம்பு போகிற வழியில் அக்கியாக வருமாம். நாற்பது வருடமாக வாடகை தராமல் குடியிருந்துவிட்டு இப்போது வீட்டையே கொளுத்துகிறது. என் உதட்டோரத்தில் அடிக்கடி வந்து போகும் கொப்புளத்தையும் டாக்டர் பார்த்துவிட்டார். அது வேறு கிருமி, ஆனால் ஒரே குடும்பமாம். "அப்ப எங்க ரெண்டு பேரு கிருமியும் பங்காளிங்களா?" என்றாள் சாமுண்டி, அந்த வலியிலும்.

பிறகு டாக்டர் கேட்டார்: "செவ்வாய்க்கிழமை எழுதின மாத்திரைய நேத்துதான் ஆரம்பிச்சிருக்கீங்க. ஏன்?"

நான் வாயைத் திறப்பதற்குள் சாமுண்டி, "நான்தான் மறந்துட்டேன் டாக்டர்" என்றாள்.

டாக்டர் அவளைத் திட்டினார். நான் பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். உண்மையைச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. சீ.

22 அக்டோபர்

ஜாக்கெட் துணிகளைத் திருப்பிக் கொடுக்க வீடு வீடாகப் போனேன். சிங்கவரத்தில் தைலம்மாள் மட்டும் துணியை வாங்கவில்லை. "அவ கண்ணு சரியாவட்டும், பொங்கலுக்குத் தைச்சிக் குடுக்கச் சொல்லு." அதைக் கேட்டதும்தான் சாமுண்டி அழுதாள். வலிக்குக்கூட அழாதவள்.

31 அக்டோபர்

தீபாவளி. அவள் தலைக்கு எண்ணெய் வைக்க முடியாததால் நானும் வைத்துக்கொள்ளவில்லை. திட்டினாள். திட்டட்டும்.

8 நவம்பர், வெள்ளி

இன்று நடந்ததை அப்படியே எழுத வேண்டும்.

காலையில் புதுச்சேரி. எழுத்து அட்டை முன் நீளமான வரிசை. சாமுண்டியின் முறை வந்தது. வலது கண்ணால் மேலிருந்து கடைசி வரி வரை தடையில்லாமல் படித்தாள். சிஸ்டரே ஆச்சரியப்பட்டார். பார்வை இவ்வளவு வந்துவிட்டதால் சொட்டு மருந்தைக் குறைக்கலாம் என்றார் டாக்டர். எனக்குத் தலைகால் புரியவில்லை. பஸ் ஏறும் முன் அவளுக்கு ஒரு முழம் மல்லி வாங்கினேன்.

திண்டிவனத்தில் பஸ் நின்றது. குஷியில், "இடது கண்ண மூடிட்டு எதிர்ல நிக்கிற பஸ் போர்ட படி பாக்கலாம்" என்றேன். மூடிக்கொண்டாள். "செஞ்சி" என்றாள்.

அது வந்தவாசி பஸ்.

கையை எடுத்துப் போர்டைப் பார்த்தாள். பிறகு அவளே சொன்னாள்: "எனக்கு முன்னாடி எட்டு பேரு படிச்சாங்க. காதுல விழுந்துச்சி. மனப்பாடம் ஆயிடுச்சி."

"இன்னாத்துக்குடி?"

"தினம் காலைல எழுந்து என் கண்ண பாக்குறீங்க, அப்புறம் உங்க சட்டப் பைய தொட்டுப் பாக்குறீங்க. இருவது நாளா சரியா சோறு திங்கல. நான் தெரியலன்னு சொன்னா நீங்க அங்கியே விழுந்துடுவீங்கன்னு பயந்துட்டேன்."

எனக்குக் கோபம் வந்தது. அழுகையும் வந்தது. பஸ் முழுக்க ஆள். அவள் கையைப் பிடித்து இறக்கினேன். அடுத்த புதுச்சேரி பஸ்ஸில் திரும்பிப் போனோம். டாக்டரிடம் இரண்டையும் சொன்னேன், அட்டை விஷயத்தையும் மாத்திரை விஷயத்தையும். "மாத்திரைய அவ மறக்கல. நான்தான் குடுக்கல." டாக்டர் என்னை ரொம்ப நேரம் பார்த்தார். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். வேறு அட்டையை மாட்டிப் படிக்கச் சொன்னார். இரண்டாவது வரியோடு நின்றுவிட்டது. கருவிழியில் அழற்சி இன்னும் இருக்கிறதாம். மருந்தைக் குறைக்கவில்லை, கூட்டினார். குறைத்திருந்தால் நிரந்தரத் தழும்பாக நின்றிருக்குமாம்.

திரும்பும்போது அவள் என் தோளில் சாய்ந்துகொண்டாள். இனிமேல் பொய் சொல்லாதே என்றேன். "நீங்க பட்டினி கிடக்காதீங்க" என்றாள். இதிலும் கடைசி வார்த்தை அவளுடையதுதான்.

19 நவம்பர்

மணிக்கொரு தடவை சொட்டு மருந்து. ஆபீசில் லீவு எழுதிக் கொடுத்துவிட்டேன்.

3 டிசம்பர்

கொப்புளம் ஆறிவிட்டது, எரிச்சல் போகவில்லை. வலது பக்கம் சீப்பு படக்கூடாது. இடது பக்கம் வகிடெடுத்து நானே பின்னிவிடுகிறேன். பின்னல் கோணல். தெருவில் யாரோ கேட்டதற்கு, "கரண்ட் ஆபீஸ்காரர் பின்னினது, ஒயர் மாதிரிதான் இருக்கும்" என்றாளாம்.

12 ஜனவரி 2025

தைலம்மாளின் ஜாக்கெட்டைத் தைத்துவிட்டாள். நான்கு நாள் ஆனது. முன்பு ஒரு மணி நேர வேலை.

24 ஜனவரி, வெள்ளி

புதுச்சேரி. நான் வெளியே இருக்கிறேன் என்றேன். "உள்ள வாங்க, ஒண்ணும் ஆவாது" என்று இழுத்துப்போனாள். வரிசையில் மற்றவர்கள் படிக்கும்போது இரண்டு காதையும் விரலால் அடைத்துக்கொண்டு நின்றாள். எல்லோரும் பார்த்தார்கள்.

ஐந்தாவது வரி வரை படித்தாள். மெதுவாக, ஒவ்வொரு எழுத்தாக. ஆறாவது வரியில் நின்றாள். திரும்பி என் முகத்தைப் பார்த்தாள். நான் சிரித்தேன், நிஜமாகவே சிரித்தேன். அவள் சிஸ்டர் பக்கம் திரும்பினாள்.

"இதுக்கு மேல தெரியல சிஸ்டர். தெரியலன்னே எழுதிக்கோங்க."