நனைந்த பஞ்சு

மார்ச் 3

அன்புள்ள அக்காவுக்கு,

வாலு எழுதுகிறேன். போனைத்தான் எடுக்க மாட்டேன் என்கிறீர்கள், கடிதத்தையாவது கிழிக்காமல் படியுங்கள். மகள் நலம். முன்பல் இரண்டும் விழுந்துவிட்டன. "பெரியம்மா எப்ப வருவாங்க?" என்று கேட்கும்போது பாதி காற்றாகத்தான் வருகிறது.

அக்கா, பூஞ்சை நிற்கவே இல்லை. உங்கள் கை நடுங்குகிறது, அதனால்தான் பாட்டிலுக்குள் கிருமி நுழைகிறது என்று விசாரணையில் முடிவுசெய்து உங்களை அனுப்பினார்களே, அதற்குப் பிறகு மூன்று மாதமாகக் குருத்து வெட்டுவது நான்தான். இருநூற்றுப் பத்து பாட்டிலில் இன்று உயிரோடு இருப்பது அறுபது. தாய்ச்செடி நின்ற பாறையே சரிந்துபோனது உங்களுக்குத் தெரியும். விதையும் கிடையாது. அந்த மூலிகை இனி நம் திசு வளர்ப்புக் கூடத்துக் கண்ணாடிப் பாட்டில்களில்தான். இதுவும் போனால் அவ்வளவுதான். எனக்குச் சோறு இறங்கவில்லை. ஒரு வழி சொல்லுங்கள்.

உங்கள்
வாலு

மார்ச் 9

வாலுவுக்கு,

உன் மகளுக்கு என் முத்தம். உனக்கு இல்லை.

பூஞ்சை எங்கே தொடங்குகிறது? குருத்தை வெட்டிய இடத்திலா, பாட்டிலின் வாயிலா? வெட்டிய இடத்தில் என்றால் கையையும் கத்தியையும் சந்தேகப்படலாம். வாயில் என்றால் கதை வேறு. விசாரணையில் இந்த ஒரு கேள்வியை யாராவது கேட்பார்கள் என்று உட்கார்ந்திருந்தேன். ஒருவரும் கேட்கவில்லை.

ஒழுங்காகச் சாப்பிடு. நீ பட்டினி கிடந்தால் பூஞ்சை ஒன்றும் இரக்கப்படாது.

அக்கா

மார்ச் 14

அக்கா,

பாட்டில் வாயிலிருந்துதான் இறங்குகிறது. பாட்டிலை அடைத்த பஞ்சிலிருந்து வெள்ளை நூலாகத் தொங்குகிறது. இருபத்திரண்டுதான் மிச்சம். இயக்குநர் வந்து எட்டிப் பார்த்துவிட்டு, "இந்த மாசத்தோட இழுத்து மூடிடலாம்மா. போற செடிக்கு எதுக்கு இவ்வளவு பாடு?" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. பதினொரு வருஷம் நீங்கள் பெற்ற பிள்ளையைப் போல வளர்த்ததை நான் ஒவ்வொன்றாகக் கொட்டிக் கழுவுகிறேன். ஒரே ஒரு நாள் வந்து பாருங்கள் அக்கா. காலில் வேண்டுமானாலும் விழுகிறேன்.

வாலு

மார்ச் 19

வாலு,

என் காலில் விழ வேண்டாம். பஞ்சு அடைப்பைத் தொட்டுப் பார். ஈரமாக இருக்கும். காய்ந்த பஞ்சு வழியாகப் பூஞ்சை நுழையாது, நனைந்த பஞ்சு வழியாக நடந்தே வரும். கிருமி சாக நீராவி அழுத்தத்தில் ஆட்டோகிளேவில் அவித்து எடுத்த பாட்டிலின் பஞ்சு எதனால் நனையும் என்று நீ வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே சொல்லிக் கொடுத்திருக்கிறேன். இப்போது நான் சொல்ல மாட்டேன். நீ எழுது.

அக்கா

மார்ச் 27

அக்கா,

உங்கள் கடிதம் வந்ததிலிருந்து எழுதி எழுதிக் கிழித்தேன்.

பாட்டில் அவிப்பது எப்போதும் என் வேலைதானே. ஆட்டோகிளேவின் அழுத்தம் காட்டும் முள் தானாகப் பூஜ்ஜியத்துக்கு இறங்கும்வரை நீராவியைத் திறக்கக் கூடாது என்றீர்கள். நான் திறந்தேன். நாலேகாலுக்குப் பள்ளி வேன் வந்துவிடும். முள் இறங்க முக்கால் மணி நேரம் ஆகும். ஒரு நாள் திறந்தேன், ஒன்றும் ஆகவில்லை. பிறகு தினமும் திறந்தேன். பாட்டிலுக்குள் குருத்து வளரும் சத்துக்கூழ் பொங்கிப் பஞ்சை நனைத்தது. பார்த்தும் பார்க்காத மாதிரி இருந்தேன்.

விசாரணையில் என்னிடம் கேட்டபோது பயந்துவிட்டேன். "அக்காவுக்குக் கை நடுங்குது சார், நான் பாத்திருக்கேன்" என்று சொன்னது நான்தான். நடுங்கவே இல்லை. நான் பார்க்கவும் இல்லை. இதையெல்லாம் இயக்குநருக்கு எழுதிக் கொடுத்துவிட்டேன். என்னை என்ன வேண்டுமானாலும் செய்யட்டும்.

இந்த வாரம் முள் இறங்கும்வரை நின்றேன். மகள் பக்கத்து வீட்டுப் படியில் உட்கார்ந்திருந்தாள். நாற்பது பாட்டில் கூழ், ஒரு புள்ளி பூஞ்சை இல்லை. அதில் வைக்கத்தான் நல்ல குருத்து இல்லை. பழையதில் நாலு பாட்டில்தான் மிச்சம். நாலிலும் பூஞ்சை பாதி இறங்கிவிட்டது. நுனியை மட்டும் பூஞ்சையில் படாமல் கிள்ளி எடுக்க உங்கள் கையால்தான் முடியும். என்னை மன்னிக்க வேண்டாம். செடிக்காக வாருங்கள்.

வாலு

ஏப்ரல் 2

வாலுவுக்கு,

நீ எழுதிக் கொடுத்ததை இயக்குநர் போனிலேயே படித்துக் காட்டினார். திங்கட்கிழமையே வந்து சேரச் சொன்னார். முடியாது என்று சொல்லிவிட்டேன்.

ஈரப் பஞ்சை விசாரணைக்கு முன்பே பார்த்தேன். நீயாகச் சொல்வாய் என்று வாயை மூடிக்கொண்டிருந்தேன். வயிறு எரிந்தது. நீ எழுதிய பிறகும் முழுதாக அணையவில்லை. அதை மறைக்க மாட்டேன். ஆனால் நான் வராததற்குக் காரணம் கோபம் இல்லை.

வீட்டுக்கு வந்ததிலிருந்து காலையில் எழுந்ததும் கையை நீட்டிப் பார்ப்பேன். எல்லோரும் சொல்கிறார்களே, உண்மையாக இருக்குமோ என்று. தண்ணீர் டம்ளரைத் தூக்கிப் பார்ப்பேன், ஊசியில் நூல் கோத்துப் பார்ப்பேன். முதல் மாதம் ஒன்றும் இல்லை. இப்போது நடுங்குகிறது. மருத்துவர் பரிசோதித்துவிட்டு, "நரம்புல ஒண்ணும் இல்லம்மா, மனசுதான்" என்றார். மனசோ நரம்போ, கத்தியைப் பிடிக்க முடியவில்லை.

இந்தக் கடிதத்தைக்கூடப் பக்கத்து வீட்டுப் பெண் எழுத, நான் சொல்லிக்கொண்டிருக்கிறேன். கடிதம் கைக்கு வந்ததும் போய் உட்கார். நாள் தள்ளாதே. கத்தியைச் சுட்டு நன்றாக ஆறவிடு. மூச்சை அடக்கிக்கொண்டு நுனியை மட்டும் எடுத்துப் புதுக் கூழில் வை. அந்த நாலையும் நீதான் வெட்ட வேண்டும். வேறு ஆள் இல்லை.

அக்கா