செப்டம்பர்ல பழுக்கிற ராஸ்பெர்ரி

ஃபெர்கஸ், என் கையெழுத்து கோழி கிளறின மாதிரி இருக்குன்னு சொல்லுவல்ல, அதான் டைப் பண்ணி கெட்டில்ல ஒட்டியிருக்கேன். பார்லி சூப்பு அடுப்புல இருக்கு, சூடு பண்ணிக் குடி.

நான் தோட்டத்துக்குப் போறேன். உன் கோடை ராஸ்பெர்ரியில பாதி வரிசையத் தோண்டிடப் போறேன். நேத்து மாதிரி கத்தாத. அது ஜூலையிலயே பழுத்துக் கொட்டிடுது. நம்ம பொண்ணு இஷ்பெல்லுக்கு கப்பல் வேலையில லீவு குடுக்கறதே செப்டம்பர்லதான். வர்றப்பல்லாம் அவளுக்கு ஜாம்தானே குடுக்கறோம், செடியிலேர்ந்து பறிச்சு ஒரு பழம் தின்னிருப்பாளா?

இலையுதிர்காலத்துல காய்க்கிற வகை வாங்கிட்டேன், முள்ளு கெடையாது. இந்தக் குளிர்லயே நட்டுட்டா இந்த வருஷமே பழம் வருமாம். உன் வகைய புதுசா நட்டா அடுத்த வருஷம் வரைக்கும் காத்துக்கிட்டு இருக்கணும். என்னால முடியாதுப்பா.

"அவ எங்க வரப்போறா"ன்னு நீ சொன்னது இன்னும் குத்துது.

கொட்டகைச் சாவி பூந்தொட்டிக்கு அடியில.

மறந்துட்டேன், பெரிய மண்வெட்டிய என்னால தூக்க முடியல. கோவம் தீந்தா எடுத்துட்டு வா.

இன்னொண்ணு. செப்டம்பர்ல அவளால வர முடியலன்னாலும், மொத உறைபனி விழற வரைக்கும் காய்ச்சுக்கிட்டே இருக்குமாம். அதுவரைக்கும் வருவா வருவான்னுதான் சொல்லிக்கிட்டு இருப்பேன். நீ வாயத் தொறக்கக்கூடாது.

எல்ஸ்பெத்