இரண்டு பூட்டுக் கிணறும் அமெரிக்க ஜனாதிபதியும்

விக்கிரமங்கலம்,
5.12.1999

அன்புள்ள மாமாவுக்கு,

அழகம்மாள் எழுதுவது. நானும் பிள்ளையும் சுகம். சிங்கப்பூரில் உங்களுக்கு வேளாவேளைக்குச் சோறு கிடைக்கிறதா? போன கடிதத்தில் வயிற்றுவலி என்று எழுதினீர்கள், அப்புறம் மூச்சே காணோம்.

எம்.ஏ. கடைசிப் பரீட்சையும் முடிந்தது. தியோடர் ரூஸ்வெல்ட் என்ற அமெரிக்க ஜனாதிபதியின் சீர்திருத்தங்களைக் கேட்டிருந்தார்கள். நாற்பத்திரண்டு வயதில் பதவிக்கு வந்தவர். கலப்பட உணவுக்கும் மருந்துக்கும் எதிராகச் சட்டம், காடுகளுக்குப் பாதுகாப்பு, ரயில் கம்பெனிகளின் கட்டணத்துக்குக் கடிவாளம் என்று எட்டுப் பக்கம் எழுதித் தள்ளினேன். நிலக்கரிச் சுரங்க வேலைநிறுத்தத்துக்கு வந்தபோது மட்டும் நம் கிணறுதான் கண்ணில் நின்றது.

மாமா, கோபப்படாமல் படியுங்கள். நீங்களும் உங்க அண்ணனும் மோட்டார் பெட்டியில் ஆளுக்கொரு பூட்டுப் போட்டு எட்டு மாதமாகிறது. கிணற்றில் தண்ணீர் கிடக்க, இரண்டு வீட்டு நிலமும் காய்ந்தது. திறக்கக் கூடாது என்று சொல்லித்தான் என்னிடம் சாவியைக் கொடுத்துப் போனீர்கள். திறந்துவிட்டேன்.

பரீட்சை முடிந்த மறுநாள் உங்க அண்ணன் வீட்டுக்குப் போனேன். முறை வைத்து இறைக்கலாம், எங்க அண்ணன் காளை நடுவில் இருந்து பேசட்டும் என்றேன். "பங்காளி விவகாரத்துல சம்பந்தகாரனுக்கு என்ன சோலி? அவன் வந்தா நான் எந்திருச்சுப் போயிருவேன்" என்றார். அந்தச் சுரங்க முதலாளிகளும் இப்படித்தான் முறுக்கினார்களாம், வேலைநிறுத்தத்தைத் தீர்க்க அமைத்த விசாரணைக் குழுவில் தொழிற்சங்க ஆளே கூடாது என்று. ஜனாதிபதி ஒரு தொழிற்சங்கத் தலைவரையே 'சமூகவியல் அறிஞர்' என்று பெயர் சொல்லி உட்கார வைத்தார். முதலாளிகளும் சரி என்றுவிட்டார்கள்.

நானும், "காளை அண்ணன் வேணாம், மோட்டாரைப் பாக்க ஒரு மெக்கானிக் வரட்டுமா?" என்றேன். உங்க அண்ணன் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "மெக்கானிக்னா வரட்டும்" என்றார்.

அவனியாபுரத்து மோட்டார் பட்டறையிலிருந்து எங்க அண்ணன் பையோடு வந்து இறங்கியது. பொழுது சாயும் வரை உங்க அண்ணன், "மெக்கானிக்கு, காப்பி குடிங்க", "மெக்கானிக்கு, நீங்களே ஒரு நாயம் சொல்லுங்க" என்று ஒரே உபசாரம். உங்க மதினி ராமக்காள் அக்கா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அடுப்படிக்குப் போய்விட்டார். மூன்று நாள் நமக்கு, மூன்று நாள் அவர்களுக்கு, ஞாயிறு மோட்டாருக்கு லீவு என்று முடிவானது. உங்க அண்ணன் தன் பூட்டைத் தானே கழற்றினார். எனக்கு அழுகை வந்துவிட்டது.

நம் கொல்லையில் கத்தரிக் கன்று வேர்பிடித்துவிட்டது. பார்க்கப் பார்க்க மனசு நிறைந்து கிடக்கிறது.

உங்க அண்ணன் மகள் சத்யப்ரியாவுக்குத் தையில் கல்யாணம். பத்திரிகை இன்னும் அச்சுக்குப் போகவில்லை. நேற்று மோட்டாரைப் பார்த்துக்கொண்டே, "சிங்கப்பூர்ல லீவெல்லாம் குடுப்பாய்ங்களா?" என்று கேட்டார். என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை.

மாமா, தம்பியாக வர மனசு இடம் கொடுக்கவில்லையென்றால் விடுங்கள். அந்தப் பிள்ளைக்குச் சித்தப்பாவாக வாருங்கள்.

வழி பார்த்திருக்கும்,
அழகம்மாள்