என் பெயரில் ஜெயித்தவர்

ஜூன் 9

ஆடிட்டர் அலுவலகத்தில் சேர்ந்து பத்து மாதம். ஊரார் வரிப் படிவங்களை எல்லாம் நிரப்பியவள், இன்று மதியம்தான் என்னுடையதைத் திறந்தேன். என் சம்பளத்துக்குக் கீழே இன்னொரு வருமானம் - ஆன்லைன் சீட்டாட்டத்தில் வென்ற தொகை. கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பங்கை வரியாகப் பிடித்திருந்தார்கள்.

எனக்குச் சீட்டைக் கலைக்கக்கூடத் தெரியாது.

ஜூன் 10

எங்கள் வீட்டில் வரி எண் உள்ள பான் அட்டை இருப்பது எனக்கு மட்டும்தான். வேலை கிடைத்ததும் அந்த அட்டையின் நகலை அப்பா வாங்கிப்போய் வெல்டிங் பட்டறையில் எல்லோருக்கும் காட்டினார்.

பணம் வைத்து ஆன்லைனில் ஆட அந்த எண்ணைக் கேட்பார்கள். அப்பாவா?

ஜூன் 11

ஊரில் இருக்கும் அப்பாவுக்குப் போன் செய்தேன். சிரித்தார். "உன் பேர்லயே இருக்கட்டும் பாப்பா, ராசியான பேரு."

தோத்தது எவ்வளவுப்பா என்றேன்.

"அதை அவங்க கேக்கலையே."

உண்மைதான். படிவத்தில் அதற்கு இடமே இல்லை.

ஜூன் 13

யாருக்கோ நடந்ததுபோல ஆடிட்டர் அம்மாவிடம் கேட்டேன். தோற்றதைக் கழிக்க முடியாதா?

"கழிக்க விட்டா ஊரே தோத்தேன்னு எழுதிக் குடுத்துரும். ஜெயிச்சவன்கிட்ட எடுத்தா யாரும் பரிதாபப்பட மாட்டாங்க. கைக்குக் கம்மியா வந்தா ஆடுற ஆசை குறையும்னு கவர்மென்ட்டுக்கு ஒரு நினைப்பு வேற."

குறையுமா?

"ஆடுறவனைக் கேளு."

அந்த 'யாரோ' யார் என்று அவர் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அழுதிருப்பேன்.

ஜூன் 14

ஞாயிறு. கடைக்காரரிடம் "ரொட்டி ஒண்ணு" என்றேன். இன்று பேசியது அவ்வளவுதான்.

ஜூன் 20

அப்பாவிடம் சொல்லிவிட்டேன். இந்த ஒரு தடவை என் வருமானம் என்றே கையெழுத்துப் போடுகிறேன். இனியும் என் எண்ணில் ஆடினால், ஆடியது நானில்லை என்று எழுதிக் கொடுத்துவிடுவேன்.

"அப்பனையே மாட்டி விடுவியா? இதுக்கா படிக்க வச்சேன்?"

கடைசியில், "சரி, உன் எண்ணை எடுத்துடறேன்."

நான் செய்தது சரிதானே? யாரிடம் கேட்பது?

நவம்பர் 6

என் வரிக் கணக்கில் சம்பளம் மட்டும். வேறெதுவும் இல்லை. சந்தோஷத்தில் அம்மாவைக் கூப்பிட்டேன். அப்பா விட்டுவிட்டார் போலிருக்கே என்றேன்.

அம்மா சொன்னாள்:

"போன்ல ஆடுறதில்லம்மா. பட்டறைக்குப் பின்னாடி ஒரு ரூம்ல ஆடுறாங்களாம். அங்க எண்ணும் கேக்க மாட்டாங்களாம், வரியும் கிடையாதாம். வந்தா முழுசா கைக்கு வருதுன்னு சொல்றார். ராத்திரி சாப்பாட்டுக்குக்கூட வர்றதில்ல."

மாலை எல்லோரும் கிளம்பிய பிறகு என் கணக்கை மறுபடி திறந்து பார்த்தேன். சம்பளம் மட்டும்.

முன்பு, அவர் ஜெயித்ததாவது எனக்குத் தெரிந்தது.