நீ குளத்துக்குப் போகாத நாள்கள்

திருத்தக் குறிப்புக்கான படிவம் திரையில் திறந்திருக்கிறது. ஆய்விதழ் கேட்பது எளிய கேள்விதான். கட்டுரையை எழுதியவர்கள் அனைவரும் இந்தத் திருத்தத்துக்குச் சம்மதிக்கிறார்களா? இரண்டு பெயர்கள், இரண்டு கட்டங்கள். என்னுடையதில் குறி போட்டுவிட்டேன். உன்னுடையதற்கு முன்னால் உட்கார்ந்திருக்கிறேன்.

மேசையில் உன் குறிப்பேடு. நேற்று வடகரைக்குப் போனபோது உன் வீட்டுக்காரர் கொடுத்தார். இதை நான் கையில் வாங்குவது இதுதான் முதல் தடவை. வாராவாரம் நீ படம் பிடித்து அனுப்பிய பக்கங்களைத்தான் பார்த்திருக்கிறேன். படத்தில் வராத ஒன்று இதில் இருக்கிறது. பிரித்தால் ஈரக் காக்கித் துணியின் வாடை. சட்டைப்பையிலேயே கிடந்து, அருவிச் சாரலில் நனைந்து, காய்ந்து, மறுபடி நனைந்த தாள்கள்.

இலத்தூர்ப் பள்ளியில் நாம் ஒரே பெஞ்ச். பிறகு நான் பல்கலைக்கழகம், நீ காவல்துறை. கல்யாணமாகி வடகரைக்குப் போனாய். வேலைக்குப் போகும் வழியில் தாமரைக்குளம். இலைமேல் நடக்கும் அந்த நீளக்கால் பறவையைத்தான் நான் முனைவர் பட்டத்துக்கு எடுத்திருந்தேன், இலைக்கோழி. என்னால் அங்கேயே தங்க முடியாது. உன்னிடம் கேட்டேன். தினமும் எண்ணிச் சொல்லுவியா?

"எண்ணுததுதானே? திருவிழாவுல ஆளையே எண்ணுதோம். கோழியை எண்ண மாட்டனா?"

மூன்று வருஷம் எண்ணினாய். தேதி, மணி, வானம், எண்ணிக்கை. ஒரு நாள் விடாமல் எழுதியிருந்தாய். கருத்தரங்குகளில் அந்த ஒரு நாள் விடாமையைத்தான் நான் முதலில் சொல்வேன்.

கட்டுரையை அனுப்பும்போது உன் நிறுவனத்தின் பெயரைக் கேட்டார்கள். "ஸ்டேஷன் பேரைப் போடாதட்டி. பெர்மிஷன் வாங்கினியான்னு கேப்பாவ. வீட்டு அட்ரஸைப் போடு." தனி ஆய்வாளர், வடகரை என்று போடலாமா என்று கேட்டேன். ஃபோனில் வெகுநேரம் சிரித்தாய். "ஆய்வாளர்னா எங்க இன்ஸ்பெக்டருல்லா! பத்து வருஷத்துல எனக்கு ஏட்டு பிரமோஷனே வரல்ல. நீ ஒரே நாள்ல இன்ஸ்பெக்டர் ஆக்கிட்டியே."

வெளிவந்த அன்று இணைப்பை அனுப்பினேன். காசு கட்ட வேண்டுமா என்றாய். வேண்டாம், இது திறந்த இதழ், உலகத்தில் யார் வேண்டுமானாலும் படிக்கலாம் என்றேன். ஸ்டேஷனில் எல்லாருக்கும் காட்டியிருக்கிறாய். பெயரைத் தவிர ஒரு எழுத்தும் யாருக்கும் புரியவில்லையாம். "வந்து தமிழ்ல வாசிச்சுக் காட்டு. என்ன எழுதியிருக்கோம்னு எனக்கே தெரியல்லல்லா."

வந்தேன். குற்றாலத்தில் சீசன் முடியும் தறுவாய். பேரருவியில் பெண்கள் பக்கம் உனக்குக் காவல். மாற்றுக்கு ஆள் வந்ததும் சொட்டச் சொட்ட வந்து பழக்கடை பெஞ்சில் உட்கார்ந்தாய். கழுத்தில் விசில். மங்குஸ்தானை உரித்தபடி, சொல்லு என்றாய். ஒவ்வொரு பத்தியாகச் சொன்னேன். வரைபடம் வந்தது. உன் விரலின் ஊதாக்கறை திரையில் பட்டது.

"இது என்னட்டி, இங்கன பள்ளமா கெடக்கு?"

"ஜூன், ஜூலை. சாரல் உச்சத்துல பறவை குளத்தை விட்டுப் போயிடுது. அதுதானே நம்ம கண்டுபிடிப்பே."

"போயிடுதுன்னு யாரு சொன்னா?"

"நீதான். வரிசையா நில், நில்னு எழுதியிருக்கியே. பூஜ்யம்னுதானே அர்த்தம்?"

உரிப்பதை நிறுத்தினாய்.

"ஏட்டி, சீசன்ல எனக்குக் காலையில அஞ்சு மணிக்கே இங்கன டியூட்டி. நான் எப்படிக் குளத்துக்குப் போவேன்?"

"பொறவு எதுக்கு நில்னு போட்டே?"

"காலியா விடக்கூடாதுல்லா. ஸ்டேஷன் ரிஜிஸ்தர்ல ஒரு கட்டம் காலியா கெடந்தா ரைட்டர் உசிரை எடுத்திருவாரு. ஒண்ணுமில்லன்னா நில்னு போடணும். கை அப்படியே பழகிட்டு."



பார்த்தேன், பறவை இல்லை என்பது ஒன்று. பார்க்கவே இல்லை என்பது வேறு. முதல் வகுப்பிலேயே சொல்லித்தரும் பாடம். அதை உன்னிடம் சொல்ல எனக்குத் தோன்றவில்லை. மூன்று சாரலிலும் குளத்தில் இல்லாமல் போனது நீ. நான் அதைப் பறவையின் குணம் என்று எழுதியிருந்தேன்.

நீ முதலில் சிரித்தாய். பிறகு சிரிப்பு நின்றது. "இதை மாத்தணுமேட்டி."

மாற்றலாம், வாய்மொழித் தேர்வு முடியட்டும் என்றேன். அதற்கு முன்னால் திருத்தம் வந்தால் பட்டம் தள்ளிப்போகும். போகாமலும் இருக்கலாம். நான் யாரிடமும் கேட்கவில்லை. ஆய்வேட்டின் அந்த அத்தியாயம் அப்படியே போனது.

"யாரு வேணும்னாலும் படிக்கலாம்னு சொன்னேல்லா?" என்றாய். "அப்ப தப்பையும் யாரு வேணும்னாலும் படிப்பாவல்லா?"

தீபாவளிக்குப் பேசியபோது கேட்டாய். "போட்டாச்சா?" போடுதேன் என்றேன். மார்கழியில் ஒரு தடவை. அப்போதும் போடுதேன் என்றேன். அதற்குமேல் நீ கேட்கவில்லை. நச்சரிக்கும் ஆள் இல்லை நீ.

தை மாதம் தேர்வு முடிந்தது. அரங்கத்தில் யாரும் பள்ளத்தைப் பற்றிக் கேட்கவில்லை. கைதட்டினார்கள். வராந்தாவுக்கு வந்து உனக்கு ஃபோன் போட்டேன். உன் வீட்டுக்காரர் எடுத்தார். திருநெல்வேலி ஆஸ்பத்திரியில் இருப்பதாகச் சொன்னார். காய்ச்சல் என்றார். மூன்றாம் நாள் அவரே கூப்பிட்டார், நீ இல்லை என்று சொல்ல.

அதன்பிறகு எட்டு மாதம் நான் அந்தக் கோப்பைத் திறக்கவில்லை. ஏன் என்று எழுத முடிந்தால் எழுதுவேன்.

நேற்றுதான் வடகரைக்குப் போனேன். தேங்காய் லோடு ஏற்றிவிட்டு வந்தார் உன் வீட்டுக்காரர். விஷயத்தைச் சொன்னேன்.

"அவ மேல தப்புன்னு வருமா, மேடம்?"

நான் வாயைத் திறப்பதற்குள், உள்ளே பாடம் எழுதிக்கொண்டிருந்த உன் மகளைப் பார்த்துக்கொண்டு சொன்னார்: "நாளைக்கு இவ பெரியவளாகி அம்மா பேரை நெட்டுல தட்டிப் பாப்பா. அது வரும்லா?"

வரும். திறந்த இதழ்.

குறிப்பேட்டை எடுத்து வந்தார். எந்த நாள் நீ போனாய், எந்த நாள் போகவில்லை என்று தேதி தேதியாகப் பார்த்தோம். அவருக்குத் தேதி நினைவில்லை, சமையல் நினைவிருந்தது. சீசன் டியூட்டி என்றால் அவர்தான் சோறு பொங்குவார். "இந்த வாரம் பூரா நான்தான். இது, இவளுக்கு அம்மை போட்டது. இது எங்க அப்பா காரியம், அதுக்கும் லீவு தரல்ல, அழுதுகிட்டே போனா." ஒவ்வொரு நில்லுக்கும் ஒரு நாள் இருந்தது. நான் பென்சிலால் அடித்துக்கொண்டே வந்தேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமையில் அவர் விரல் நின்றது. "இந்த நாளு போனா. பிள்ளையை வண்டியில முன்னால வச்சுக் கூட்டிட்டுப் போனா. கோழியக் காணும்னு பிள்ளை ஒரே அழுகை. வாற வழியில பரோட்டா வாங்கிக் குடுத்துக் கூட்டியாந்தா."

மூன்று சாரலுக்கும் சேர்த்து ஒரே ஒரு உண்மையான நில். அதை அடிக்கவில்லை.

இரவு வீட்டுக்கு வந்து திருத்தக் குறிப்பை எழுதினேன். முதல் வரி இப்படி வந்தது: இரண்டாம் ஆசிரியரின் பதிவுமுறையில் ஏற்பட்ட பிழையால். இதழ்களில் இப்படித்தான் எழுதுவார்கள். அதில் பொய்யும் இல்லை. உன் மகள் எழுத்துக்கூட்டி வாசிப்பதுபோல் ஒருமுறை வாசித்துப் பார்த்தேன். அழித்தேன்.

இப்போது இருப்பது: பதிவுகள் எப்படி எழுதப்பட்டன என்று முதல் ஆசிரியர் கேட்கவில்லை. பிழையைக் கண்டவர் இரண்டாம் ஆசிரியர். சாரல் உச்சத்தில் பறவைகள் குளத்தில் இருந்தனவா என்பது தெரியவில்லை. முடிவு திரும்பப் பெறப்படுகிறது. தாமதத்துக்கும் முதல் ஆசிரியரே பொறுப்பு.

பட்டத்தை என்ன செய்வார்கள் என்று தெரியாது. துறைக்கும் எழுதிவிட்டேன். உன் கட்டத்தில் மட்டும் நான் குறி போடவில்லை. பழக்கடை பெஞ்சில் நீ சொன்னதைக் கீழே குறிப்பாக எழுதி, உன் வீட்டுக்காரர் அறிவார் என்றும் சேர்த்து, அனுப்பினேன்.

இங்கே நிறுத்தியிருந்தேன். இரண்டு நாள் கழித்துத் தொடர்கிறேன்.

இன்று வீரகேரளம்புதூர் போனேன். அங்கே பேட்டரிக் கடை வைத்திருக்கும் ஒருவர் குளத்து நாரைகளை எண்ணுகிறார். நோட்டைத் தந்தார். அழகான கையெழுத்து. ஒரு நாள் விடவில்லை. எத்தனை என்று நான் பார்க்கவில்லை.

"அண்ணாச்சி, நீங்க போகாத நாள் எதெது?"

முகம் மாறிவிட்டது. "ஏன், என் மேல சந்தேகமா?"

இல்லை என்றேன். சும்மா சொல்லுங்கள் என்றேன். கொஞ்ச நேரம் நோட்டைப் புரட்டினார். பிறகு ஒரு பக்கத்தில் கையை வைத்தார். "இந்தப் பதினாறு நாளும் போவல்ல. தம்பி தவறிட்டான். சும்மா ஒரு கணக்கா எழுதி வச்சேன்." கடைக்கு யாரோ வந்தார்கள். பிறகு வாருங்கள் என்று அனுப்பிவிட்டு, தம்பியைப் பற்றிச் சொல்லத் தொடங்கினார்.

நான் பேனாவை மூடி வைத்துவிட்டுக் கேட்டேன்.

இந்த ஒரு கேள்விதான். மூன்று வருஷத்தில் ஒரு தடவை கேட்டிருக்கலாம். கோழி எத்தனை என்று வாராவாரம் கேட்டேன். நீ எங்கே நின்றுகொண்டிருந்தாய் என்று கேட்கவில்லை.