நல்ல சுகம் என்று சொன்னதற்கு

பெப்ரவரி 2, வெள்ளி

வைத்தியரின் அறையில் இருந்தவர்கள்: டொக்டர் அம்மா, மருமகள் ஜெனிற்றா, மகன் றெஜி, நான். இவர் காருக்குள். தெருவில் நிறுத்த இடமில்லை. கொடுங்குளிர்.

ஜெனிற்றாவுக்கு நஞ்சுக்கொடி கீழே கிடக்கிறதாம். அதனால்தான் இரத்தம் படுகிறது. பிள்ளை பிறக்கும் வரை படுக்கை. வேலை கூடாது, பாரம் கூடாது, படி கூடாது. நாங்கள் இருப்பதோ மூன்றாம் மாடி. அவள் செய்வதோ புவாண்ட்-கிளேரில் பண்டகசாலை வேலை, நாள் முழுக்க நின்று பெட்டி அடுக்குவது.

றெஜி பதறவில்லை. "ஜெனிற்றாவின்ர வேலையில இன்ஷூரன்ஸ் இருக்கம்மா. சுகமில்லாமல் நிண்டா கொஞ்சக் காலத்துக்குச் சம்பளத்தில ஒரு பங்கு தருவினம். பிரசவ லீவைப் பிள்ளை பிறந்தாப் பிறகு தொட்டாக் காணும்."

நல்லது. அந்த லீவுக் கிழமைகள் பிள்ளைக்கு உரியவை.

இன்று மெழுகுதிரி மந்திரிக்கும் திருநாள். பூசை தவறிவிட்டது. வீட்டில் பழைய திரியைக் கொளுத்திச் செபமாலை. ஜெனிற்றா படுத்தபடி மறுமொழி சொன்னாள்.

வாங்க: பால், கீரை, நீளத் தலையணை.

பெப்ரவரி 14, புதன்

பனி கொட்டோ கொட்டென்று. இவர் இரண்டு தரம் படியில் பனி வழித்தார். இடுப்புப் பிடிப்பு. சித்தாலேபம் பூசிவிட்டேன்.

மத்தியானம் இன்ஷூரன்ஸில் இருந்து தொலைபேசி. நான் குசினியில், சமையல். ஜெனிற்றா இங்கிலீசில் பணிவாகக் கதைப்பது கேட்டது. முடிந்ததும் போனேன்.

"ஆர் பிள்ளை?"

"இன்ஷூரன்ஸ் மாமி. நல்ல மனுசி. எப்பிடி இருக்கிறீர் எண்டு ஆறுதலாக் கேட்டவ. நல்ல சுகம், நீங்கள் சுகமோ எண்டன். வீட்டு வேலை எப்பிடிப் போகுது எண்டா. ஒரு கரைச்சலும் இல்லையெண்டன்."

"இரத்தம் படுறதைச் சொன்னனீரோ?"

"முன்னப்பின்னத் தெரியாத ஆளிட்ட அதையும் சொல்லுறதே? டொக்டர் எழுதிக் குடுத்திருக்கிறாதானே."

அதுவும் சரி. என் சமையலில் வீடு குறையில்லாமல் நடக்கிறது என்றும் சொன்னாளாம். மனம் குளிர்ந்தது.

பெப்ரவரி 20, செவ்வாய்

இன்ஷூரன்ஸ் கடிதம் வந்தது. பிரெஞ்சில். வாசிக்க வாசிக்க றெஜியின் முகம் கறுத்துக்கொண்டு போனது.

காசு கொடுக்க மாட்டார்களாம். சுகமாக இருப்பதாக ஜெனிற்றாவே சொன்னாளாம். வீட்டு வேலை கரைச்சலில்லாமல் நடக்கிறதாம். கர்ப்பம் ஒரு நோயே இல்லையாம்.

வேலையிடத்துக்குப் போன் எடுத்துக் கேட்டான். அப்படியென்றால் வருகிற திங்கள் வேலைக்கு வரட்டும், முடியாதென்றால் பிரசவ விடுமுறையை இப்போதே தொடங்கட்டும் என்றார்கள்.

சுகமா என்று ஒருவர் கேட்டால் நல்ல சுகம் என்பதுதானே மனிசர் சொல்லும் மறுமொழி? காய்ச்சலில் கிடக்கும்போது சுவாமியார் வந்து கேட்டாலும் நான் அதைத்தான் சொல்வேன். கேட்டவரை ஏன் நோகடிக்கவேண்டும்? இங்கே மரியாதையைச் சாட்சியாக எழுதிவைத்துக்கொள்கிறார்கள்! அவளுடைய ஒவ்வொரு சம்பளத்துண்டும் என்னிடம் ஒழுங்காகக் குத்தி இருக்கிறது. ஒவ்வொன்றிலும் இன்ஷூரன்ஸுக்கு வெட்டியிருக்கிறார்கள். வெட்டும்போது ஒருவரும் சுகம் விசாரிக்கவில்லை.

இவர் வேறு: "எங்கட ஆக்கள் பெறும் மட்டும் வேலை செய்தவைதானே."

"ஓமோம். நீங்கள் எத்தினை பெத்தனீங்கள்?"

எழும்பிப் போய் டிவியைப் போட்டார். றெஜிக்குக்கூடச் சிரிப்பு வந்தது. ஜெனிற்றா சிரிக்கவில்லை. சுவர்ப்பக்கம் திரும்பிக் கிடந்தாள்.

"நான்தான் மாமி கெடுத்துப்போட்டன். திங்கள் போறன். இருந்து செய்யிற வேலை ஏதும் கேட்டுப் பாப்பம்."

"வாயை மூடிக்கொண்டு படும்."

கடுமையாகச் சொல்லிவிட்டேன். பேந்து தேத்தண்ணீர் கொண்டுபோய்க் கொடுத்தேன்.

பெப்ரவரி 21, விபூதிப் புதன்

ஒருசந்தி, ஒரு நேரச் சாப்பாடு. காலைப் பூசை. தவக்காலம் முடியும் வரை கோபிப்பதில்லை என்று நேர்ந்தேன். வீடு திரும்ப பஸ் வருமுன்னரே அந்தக் கடிதம் நினைவில் வந்து நேர்த்தி முறிந்தது. ஆண்டவருக்குத் தெரியும் யார் முறித்ததென்று.

விடுமுறையை இப்போதே தொடங்கினால் கட்டிலே அதைத் தின்றுவிடும். பிள்ளை தவழுமுன் பிள்ளைக் காப்பகமான கார்டரியில் விட்டுவிட்டுத் தாய் பெட்டி அடுக்கப் போகவேண்டும். பிறக்காத பிள்ளையிடம் களவெடுப்பது இல்லாமல் இது வேறென்ன?

பின்னேரம் மறுபடி இரத்தம். முன்னையதைவிடக் கூடுதல். ஆஸ்பத்திரியில் பார்த்தார்கள்: பிள்ளையின் துடிப்பு இருக்கிறது, மாதாவுக்கு நன்றி. ஆஸ்பத்திரியால் வந்து அவளை றெஜியும் இவரும் கதிரையோடு தூக்கி மேலே ஏற்றினார்கள். இவர் இடுப்பைப் பற்றி மூச்சுக்கூட விடவில்லை.

டொக்டர் அம்மாவுக்கு எங்களைவிடக் கோபம். இன்ஷூரன்ஸ்காரர் அவவிடம் ஒரு சொல் கேட்கவில்லையாம். புதுக் கடிதம் எழுதி உடனே ஃபக்ஸ் அடித்தா.

பெப்ரவரி 22, வியாழன்

வெயில், ஆனால் சூடில்லை. பருப்பு முடிந்துவிட்டது.

கடிதம் போனால் போதாது, நீங்களும் எடுத்துச் சொல்லுங்கள் என்று டொக்டர் அம்மா சொல்லியிருந்தா. ஜெனிற்றா ரிசீவரை எடுத்தாள், திரும்ப வைத்தாள்.

"என்னெண்டு மாமி இப்ப மாத்திச் சொல்லுறது? பொய்க்காரி எண்டு நினைப்பினம்."

"எனக்குச் சொல்லிப் பாரும். 'எனக்குச் சுகமில்லை.' சொல்லும்."

சொன்னாள். சொல்லும்போதே அழுகை. மூன்றாம் தரம் அழாமல் சொன்னாள்.

இன்ஷூரன்ஸுக்குப் போன் எடுத்தால் ஆள் இல்லை, குரல் பதியும் மெசின். தன் பேரைச் சொன்னாள். "எனக்குச் சுகமில்லை" என்றாள். மிச்சத்தை நீங்கள் சொல்லுங்கள் மாமி என்றாள். ரிசீவரை நான் வாங்கினேன். என் இங்கிலீசு பள்ளிக்கூடத்தில் வந்ததல்ல, ரேடியோவிலும் கடைத் தள்ளுபடிக் கடதாசிகளிலும் பொறுக்கியது. இருக்கட்டும். சொன்னது இது:

நான் ஜெனிற்றாவின் மாமியார். அவள் கேட்டுத்தான் கதைக்கிறேன். வீட்டு வேலை செய்வது நான், அவள் அல்ல. சுகம் என்று அவள் சொன்னது உங்களுக்குத் தந்த மரியாதை. நேற்றும் இரத்தம் பட்டது. அவளுக்கு வேலை செய்ய முடியுமா என்று டொக்டரைக் கேளுங்கள். திங்கட்கிழமை இவளைப் படி இறங்க நான் விடமாட்டேன். தயவுசெய்து நாளைக்கே பதில் சொல்லுங்கள்.