பகையாளி என்று சொன்னேன், தம்பி

என் செல்லத் தம்பி சுடலைமுத்துவுக்கு,

நீ கொழும்பில் கண்ணை மூடி ஐந்து வருசமாகிறது. இதுவரை உனக்கு ஒரு வரி எழுதவில்லை. எழுதினால் இதைத்தான் முதலில் எழுத வேண்டியிருக்கும் என்று தள்ளிப்போட்டேன்.

உன் பத்து சென்ட் இடம் இப்போது என் பேரில் இருக்கிறது. தீர்ப்பு வந்து பட்டாவும் மாறிவிட்டது.

உன் அத்தான் தோணியில் மூட்டை ஏற்றும்போது விழுந்து செத்தார். நானும் கைப்பிள்ளையும் தெருவில் நின்றோம். "அக்கா, உப்பளத்துப் பக்கம் நான் வாங்குன இடம் சும்மாதான கெடக்கு. அங்கன வீடு போட்டு இரு. நான் ஊருக்கு வந்தாலும் ஒன்ன எழுப்ப மாட்டேன்" என்று எழுதினாய். பதினைந்து வருசம் இருந்தேன். மாசம் தவறாமல் உன் கடிதம் வரும்.

நீ போன மறுவருசம், ராமேஸ்வரத்தில் கப்பல் இறங்கி உன் மகளோடு உன் பெண்சாதி செல்லக்கனி வந்தாள். இரண்டு தகரப்பெட்டிதான். "மதினி, ஒரு ஓரமா நாங்களும் இருந்துக்கிடுதோம்" என்றாள்.

இடம் இருந்தது, தம்பி. ஆனால் புதுத் துறைமுகத்துக்கு ரோடு போட்டதிலிருந்து அந்தப் பக்கம் எல்லாருக்கும் ஒரு கண். இன்றைக்கு ஓரம் கேட்கிறவள் நாளைக்கு விற்றுவிட்டால் என் மகளோடு எங்கே போவேன்? வாசலிலேயே நிறுத்தி அனுப்பிவிட்டேன். வேறு வழியில்லாமல் அவள் வழக்குப் போட்டாள்.

என் வக்கீல் விளக்கினார். "சொந்தக்காரர் சம்மதத்தோட இருந்தா நூறு வருசம் ஆனாலும் இடம் ஒங்களுக்கு இல்ல. அவர் உரிமைய ஒத்துக்கிடாம, ஊரறிய, பன்னெண்டு வருசத்துக்கு மேல இருந்திருக்கணும். தம்பி இருக்கச் சொன்னாரா?"

"இல்ல" என்றேன்.

அன்று மத்தியானம் உன் கடிதங்களை எல்லாம் அடுப்பில் போட்டேன். ஒன்றை மட்டும் எரித்தால் போதாது. எல்லாவற்றிலும் அக்கா, அக்கா என்று இருந்ததே.

கூண்டில் ஏறினேன். செல்லக்கனியின் வக்கீல், "தம்பிக்கும் ஒங்களுக்கும் பேச்சுவார்த்தை உண்டா?" என்று கேட்டார்.

"கெடையாது. அவன் எனக்குப் பகையாளி. போகச் சொன்னான், நான் போகல."

குரல் நடுங்கும் என்று பயந்திருந்தேன். நடுங்கவில்லை.

நீதான் என்னை இருக்கச் சொன்னாய் என்று காட்ட அவளிடம் ஒரு தாளும் இல்லை. என் பதில்களைக் கொழும்பிலேயே விட்டு வந்திருந்தாள். கடுதாசிக் கட்டை யார் சுமந்து வருவார்கள்? தீர்ப்பு எனக்குச் சாதகமாக வந்தது. கோர்ட்டு வராந்தாவில் பக்கத்தில் வந்து நின்றாள்.

"மதினி, நான் படிக்காதவ. ஆனா அவுக ஒங்களுக்கு எழுதுன கடுதாசிய எல்லாம் நாந்தான் தபால்ல போட்டேன்."

அவ்வளவுதான். திட்டியிருந்தால் தேவலை.

இப்போது விளாத்திகுளத்தில் அவள் மாமன் வீட்டில் இருக்கிறார்கள். அவள் பருத்தி எடுக்கப் போகிறாள். போன தை மாசம் தேடிப் போனேன். உன் மகள்தான் கதவைத் திறந்தாள். உன் நெற்றி அப்படியே. உள்ளேயிருந்து செல்லக்கனி என்னைப் பார்த்துவிட்டாள். "பகையாளி வீட்டுல தண்ணி குடிக்கக் கூடாது மதினி. போயிட்டு வாங்க" என்று சொல்லி அடுப்படிக்குப் போய்விட்டாள்.

பிள்ளை என்னோடு தெருமுனை வரை வந்தாள். "எங்க அப்பா ஒங்ககூட எதுக்குச் சண்ட போட்டாக?" என்று கேட்டாள். பஸ் வந்தது. ஏறிவிட்டேன்.

பாதி இடத்தைச் செல்லக்கனி பேருக்கு எழுதிக் கொடு என்பாய். சில நாள் மனசு வரும். என் மகள் முகத்தைப் பார்த்ததும் போய்விடும். அதற்குச் சத்தியம் செய்ய என்னால் முடியவில்லை. என் சத்தியம் கோர்ட்டில் எப்படி இருந்தது என்று உனக்குத் தெரியும்.

இது ஒன்றை மட்டும் செய்வேன். வருகிற ஆடிக்குள் மறுபடி விளாத்திகுளம் போவேன். கதவு திறக்காவிட்டாலும் தெருவில் நின்று, அக்கம்பக்கத்துக்கும் கேட்கும்படி, உன் மகளிடம் சொல்வேன்: உன் அப்பா ஒரு நாளும் என்னோடு சண்டை போடவில்லை, அவன் சொல்லித்தான் நான் அங்கே இருந்தேன்.

உன்னோடு ஒரே வயிற்றில் பிறந்த
பொன்னம்மா அக்கா